200-600 லென்ஸ்: கையிலயே பிடிக்கலாமா, ட்ரைபாட் வேணுமா?

பறவை எடுக்க சோனி 200-600 எம்எம் ஜூம் லென்ஸ ரொம்ப நாளா யூஸ் பண்றேன். கையில பிடிச்சும் எடுத்திருக்கேன், மோனோபாட் (ஒத்தக்கால் ஸ்டாண்ட்), கிம்பல் (பெரிய லென்ஸ பேலன்ஸா தொங்கவிட்டு ஈஸியா திருப்ப உதவுற ஹெட்) மாட்டுன ட்ரைபாட், பீன்பேக் (பயறு மாதிரி ஏதாவது நிரப்புன பை)னு எல்லாத்துலயும் வச்சு பார்த்தாச்சு.

லென்ஸ் மட்டும் 2.1 கிலோ, பாடியோட சேர்த்தா மூணு கிலோகிட்ட வரும். க்ளிக் பண்றப்ப இந்த வெயிட் ஒரு மேட்டரே இல்ல, காத்துட்டு இருக்குறப்பதான் கொல்லும். மீன்கொத்தி கிளையில உட்காந்திருக்கு, எப்ப பாயும்னு தெரியாது, வ்யூஃபைண்டர்லயே கண்ண வச்சு பிடிச்சுட்டே இருந்தா இடது தோள்பட்டை எரிய ஆரம்பிச்சுரும், சரி ஒரு செகண்ட் இறக்கி வைப்போம்னு நினைக்குற நேரம் பார்த்து தண்ணியில குதிச்சிருக்கும். கிம்பலுக்கு காசு கொடுத்தது இதுக்குத்தான், ஷார்ப்னெஸ்லாம் அப்புறம். லென்ஸ் ஃபுட்ட (ஸ்டாண்ட்ல மாட்டுறதுக்கு லென்ஸுக்கு அடியில இருக்குற கால்) முன்ன பின்ன நகர்த்தி ஒரு தடவ பேலன்ஸ் பண்ணிட்டா விட்ட இடத்துலயே நிக்கும், இந்த லென்ஸ் ஜூம் பண்ணாலும் நீளம் மாறாதுங்குறதால பேலன்ஸும் பெருசா கெடாது.

பறக்குற பறவைக்கு கைதான். ஷட்டர் ஸ்பீடு 1/2000, 1/3200 செகண்டுனு போறப்ப கை ஆட்டம் பெருசா தெரியாது, ட்ரைபாட் கால்தான் நம்ம கால தட்டிவிடும். ஃபுட் மாட்டியிருக்குற வளையத்த (காலர்) சுத்தி ஃபுட்ட மேல கொண்டுபோயிட்டா உள்ளங்கையில அழுத்தாது, தூக்கிட்டு நடக்க கைப்பிடியாவும் ஆகும்.

வெளிச்சம் போனதுக்கப்புறம்தான் கதையே வேற. 600ல லென்ஸோட துவாரம் (அபர்ச்சர்) எஃப் 6.3க்கு மேல திறக்காது, அதனால உள்ள வர்ற வெளிச்சம் கம்மி. அசையாம உட்காந்திருக்குற ஆந்தைய கையில 1/500ல எடுக்க ஐஎஸ்ஓ (சென்சார் சென்சிடிவிட்டி, ஏத்துனா படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும்) 12800 வேணும்னா, ட்ரைபாட்ல 1/60க்கு இறக்கி 1600லயே முடிச்சிரலாம். அது தலைய திருப்பிட்டா ட்ரைபாட்டும் காப்பாத்தாது, ஸ்டெபிலைசேஷனும் (கை ஆட்டத்த குறைக்குற வசதி) காப்பாத்தாது, ரெண்டும் நம்ம ஆட்டத்துக்குத்தான், அதோட ஆட்டத்துக்கு இல்ல. அதனால அந்த ஸ்பீடுல பர்ஸ்ட் அடிச்சு (தொடர்ந்து பல படம் எடுத்து) நல்லத பொறுக்கிக்குவேன். மதியானம் வெயில்ல தூரத்துல இருக்குறத எடுத்தா சூட்டுல காத்தே அலையும், அதுக்கு எந்த ஸ்டாண்டும் மருந்து கிடையாது.

மோனோபாட் எனக்கு செட் ஆகல. வெயிட்ட வாங்கிக்கும், மேல கீழ ஆட்டமும் குறையும், ஆனா பக்கவாட்டுல ஆடிட்டேதான் இருக்கும், டில்ட் ஹெட் (கேமராவ மேல கீழ சாய்க்குற ஹெட்) இல்லன்னா மரத்து உச்சியில இருக்குறத எடுக்க மோனோபாட்டோட சேர்ந்து நாமளும் சாயணும்.

வண்டியிலயே சுத்துறவங்க கண்ண மூடிட்டு பீன்பேக் வாங்குங்க. ஜன்னல்ல போட்டு லென்ஸ அழுத்தி வச்சா அவ்ளோதான், காலியா எடுத்துட்டு போயி அங்க நிரப்பிக்கலாம். இன்ஜின மட்டும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா அந்த அதிர்வு மொத்தமும் லென்ஸுக்கு வந்துரும்.

கிம்பல் வாங்குறவங்க அத ஒல்லியான ட்ரைபாட்ல மாட்டாதீங்க. லென்ஸ் முன்னாடி மாட்டுற அந்த பெரிய ஹூட் காத்த அப்படியே வாங்கும், ட்ரைபாட்டோட நடுத்தண்ட (சென்டர் காலம்) வேற தூக்கி வச்சிருந்தா 600ல ஃப்ரேம் நிக்கவே நிக்காது, அதுக்கு கையிலயே பிடிச்சு எடுத்துரலாம்.