விடுப்பில் வந்த ரெக்ரூட் எங்கே ஓடலாம்: ஆற்றங்கரையா, தார்ச்சாலையா?

ராணுவப் பயிற்சி முடியும் தறுவாயில் தஞ்சைப் பக்கம் விடுப்பில் வருபவர் ஓட்டத்தை விட்டுவிட்டால், திரும்பியதும் பி.பி.இ.டி. என்ற போர்க்கள உடல்திறன் தேர்வின் 5 கி.மீ. ஓட்டம் நெஞ்சை அடைக்கும்.

புதுஆற்றுக் (கல்லணைக் கால்வாய்) கரை மண் முழங்காலுக்கு இதம். ஐப்பசி அடைமழையில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். களிமண் பூட்ஸில் அப்பிக் கனக்கும், சரிவில் கணுக்கால் பிசகும்.

தார்ச்சாலையில் கிலோமீட்டர் கல் உண்டு. 2.5 கி.மீ. போய்த் திரும்பினால் நேரக்கணக்கு துல்லியம். ஆனால் தினமும் பூட்ஸோடு ஓடினால் முன்னங்கால் எலும்பு வலிக்கும். அறுவடை நாளில் சாலையிலேயே நெல் காயும். மிதித்தால் வழுக்கும், நெல்லுக்காரரிடம் வசவும் கிடைக்கும்.

தரை காய்ந்திருந்தால் வாரம் நான்கு நாள் கேன்வாஸ் ஷூவில் கரை, ஒரு நாள் பூட்ஸில் சாலை. விடியலுக்குள் முடித்துவிடுங்கள்.