18 மாதம், வாரம் இரண்டு சோதனை: போனுக்குள் வந்த சிகிச்சை

மெத் (மெத்தம்ஃபெட்டமைன்) என்ற போதைப்பொருள் பழக்கத்திலிருந்து வெளியே வர வீட்டிலிருந்தபடியே சிகிச்சை எடுக்கிறேன். கையில் ஒரு செயலி, அந்தப் பக்கம் ஒரு கவுன்சலர். முதல் மாதம் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். மூன்றாம் மாதம் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

ஹெராயின் வகைப் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று மருந்து உண்டு. மெத்துக்கும் கொக்கெய்னுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. இருப்பதில் ஆதாரம் வலுவான சிகிச்சை கன்டின்ஜென்சி மேனேஜ்மென்ட். பெயர்தான் பயமுறுத்தும். சோதனையில் சுத்தம், அதாவது போதைப்பொருள் இல்லை என்று வந்தால் கையோடு பரிசு, அவ்வளவே. ஆய்வாளர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களில் வவுச்சர் கொடுத்துப் பார்த்தார். இன்னொரு ஆய்வாளர் நான்சி பெட்ரி அதைச் சீட்டெடுப்பாக மாற்றினார். பாதிச் சீட்டுகளில் வெறும் பாராட்டுதான் இருக்கும். என் செயலியில் தொடர்ந்து சுத்தமாக இருந்தால் பரிசுத் தொகை ஏறிக்கொண்டே போகும், தவறினால் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

வாரம் இரண்டு முறை, எந்த நாள் என்று சொல்லாமல் நோட்டிஃபிகேஷன் வரும். கேமராவை ஆன் செய்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு, பஞ்சுக் குச்சியை நாக்குக்கடியில் வைக்க வேண்டும். பத்து நிமிடம் முன்பிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சோதனைப் பட்டையில் இரண்டு கோடு வந்தால் சுத்தம், ஒன்று வந்தால் மாட்டிக்கொண்டோம். கர்ப்பச் சோதனைக்கு நேர் தலைகீழ். இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் சுத்தம்தான் என்று தெரியாமல் முதல் வாரம் வியர்த்துப்போனேன்.

மூன்றாம் மாதம் திட்டியதற்குக் காரணமும் இந்தக் குச்சிதான். பதற்றத்தில் எனக்கு வாய் வறண்டுவிடும். அன்று எச்சிலே ஊறவில்லை, பட்டையில் ஒரு கோடுகூட விழவில்லை. அப்படியானால் சோதனை செல்லாது என்றுதான் பொருள். செயலியோ 'தவறவிட்டீர்' என்று பதிந்து, ஏறியிருந்த பரிசை அடியில் கொண்டுபோய்ப் போட்டது. அன்று சாயங்காலம் என் விரல் தானாகப் பழைய நம்பரைத் தேடியது. சரக்கு வாங்கியதும் இதே போனில்தானே! கவுன்சலர் அழைத்து, வீடியோவைப் பார்த்து, அவரே திருத்தினார். பேசியது ஏழு நிமிடம் இருக்கும். அதற்குள் நம்பரை அழித்திருந்தேன். அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. ஆகவே செயலி தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சோதனை தவறினால் ஆள் அழைப்பாரா, ரோபோ செய்தி வருமா?

பாட வீடியோக்கள் சுமார். 'கிரேவிங்' பொத்தானை அழுத்தினால் மூச்சுப் பயிற்சி வருகிறது. ஆசை உச்சத்தில் இருக்கும்போது எவன் பொத்தானைத் தேடுவான்? ஆனால் எப்போதெல்லாம் ஆசை வந்தது என்று தினமும் குறித்ததில் ஒன்று தெரிந்தது. முக்கால்வாசி நாள் அது சம்பள நாள், இல்லாவிட்டால் தூங்காத இரவுக்கு மறுநாள். சம்பளக் கணக்கை அக்காவிடம் ஒப்படைத்தேன். எந்த வீடியோவும் செய்யாத வேலை அது.

ஒன்பதாம் மாதம் வழுக்கினேன், நான்கு நாள். சுத்தமாக இருந்த நாள் கணக்கு திரையில் பெரிய எழுத்தில் 0. அதைப் பார்த்தபோது, போனதுதான் போனது, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றே தோன்றியது. அந்த எண்ணை மறைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது, முதல் நாளே மறைத்துவிடுங்கள். லாக் ஸ்க்ரீனில் அறிவிப்பு தெரியாதபடியும் செய்துகொள்ளுங்கள். எனக்கு வந்த செய்தியை அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் படித்துவிட்டார்.

இன்னொன்று, செயலியிலுள்ள உங்கள் பதிவுகளை அவ்வப்போது தரவிறக்கி வைக்க வேண்டும். போதைச் சிகிச்சைக்கென்று எஃப்டிஏ முதன்முதலில் 2017இல் அனுமதித்த செயலி ரீசெட். அதை நடத்திய பியர் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனமே 2023இல் திவாலானது.

பரிசு ஆறாம் மாதத்தோடு முடிந்துவிட்டது. சோதனையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். இப்போது இரண்டு கோடு விழுந்தால் பணம் வருவதில்லை, அந்த 'டிங்' ஒலி மட்டும் வருகிறது. அதற்காகவே போனை சைலன்டில் போடுவதில்லை.