காகித நுண்ணோக்கியில் மண்டபம் கடல்நீர்

உலகில் உருவாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசியிடமிருந்து வருகிறது. அதன் ஓடு கண்ணாடிக்குரிய சிலிக்காவால் ஆனது. அறிவியல் புத்தகத்தில் இதைப் படித்து வியந்து, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். மண்டபம் போன்ற ராமநாதபுரம் மாவட்டக் கரையூர்களில் இருப்பவர்கள் அதோடு விட வேண்டியதில்லை. அந்தப் பாசி நங்கூரக் கயிற்றிலேயே ஒட்டியிருக்கிறது. பார்க்க ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி ஒன்று போதும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் வெளியிட்ட வடிவமைப்பு இது. தாளை மடித்துச் செய்வது. நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குண்டுதான் லென்ஸ். 140 மடங்கு பெரிதாகக் காட்டும். காந்த வளையத்தைச் செல்போன் கேமராவில் பொருத்திப் படமும் எடுக்கலாம்.

கடல்நீரை அள்ளிய கையோடு பார்த்தால் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் தெரியும். வள்ளத்தின் நங்கூரக் கயிற்றிலோ படகுத்துறைக் கல்லிலோ வழவழவென்று படிந்திருக்கும் பழுப்புப் படலத்தைப் பல்குச்சியால் சுரண்டி, ஸ்லைடில் ஒரு சிறு சொட்டுக் கடல்நீரில் கரைக்க வேண்டும். சொட்டின் மேல் வைக்கும் மெல்லிய மூடுசில்லை ஒரு பக்கம் சாய்த்து மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழி சிக்காது. பொன்பழுப்பில் படகு படகாகத் தெரிபவை டயட்டங்கள். காலும் இல்லை, வாலும் இல்லை. ஆனாலும் சில நேராக வழுக்கிப் போகும், நிற்கும், வந்த வழியே பின்னால் திரும்பும். ஓட்டிலுள்ள நீளப் பிளவில் சுரக்கும் பசைதான் அந்த ஓட்டத்துக்குக் காரணம். புத்தகப் படங்களில் வரும் நுண்ணிய துளை வேலைப்பாட்டை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. அவை எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள்.

உப்புக்கு இதைவிட நல்ல கருவி வேண்டாம். வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்தி நீரில் ஒரு சொட்டை மூடாமல் காயவிட்டு, ஓரத்தைக் கவனித்தால் கனசதுரங்கள் முளைத்து விளிம்பு விளிம்பாக வளர்வது தெரியும். சாதாரணக் கடல்நீர் என்றால் உப்புக்கு முன்பே ஊசி ஊசியாக ஜிப்சம் வரும்.

மணலுக்கு இது சரிப்படாது. வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் மணல் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பருக்கை லென்ஸைக் கீறவும் கூடும். மணலுக்குப் பத்து மடங்கு கைலென்ஸே மேல்.

படம் மங்கினால் பெரும்பாலும் சொட்டு தடித்து லென்ஸில் பட்டு, உப்பு காய்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். சட்டைத் துணியால் துடைக்கக் கூடாது. கச்சான் காற்றில் மணல் பறக்கும்போது வெளியில் பிரிக்கவே வேண்டாம். வெளிச்சத்துக்கு வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடிக்கலாம். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது, கண் போய்விடும்.

கரையொதுங்கிய கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியில் மெல்லிய சீவல் எடுத்துப் பார்க்கலாம். பவளத்தையும் கடல் அட்டையையும் தொடக் கூடாது. இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

இந்தக் கடலின் பெரிய வியப்பு நாக்டிலூக்கா. 2019இல் பாம்பன், மண்டபம் பக்கம் கடலைப் பச்சையாக்கி, மீன்கள் செத்து ஒதுங்கக் காரணமான பாசி. இரவில் அலையில் நீலமாக மின்னுவதும் இதுவே. ஒரே செல்தான், ஆனால் அரை மில்லிமீட்டர் அளவு; வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். மூடுசில்லை அழுத்தினால் உடைந்துவிடும், அதனால் சில்லின் இரு ஓரத்திலும் நூல் துண்டு வைத்து இடைவெளி விட வேண்டும். அப்போது கண்ணாடிப் பந்து போன்ற அந்தச் செல்லுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும்: உள்ளே குடியிருக்கும் வேறொரு பாசி. அள்ளிய அன்றே பார்த்துவிட வேண்டும். புட்டியில் மூடி வைத்தால் மறுநாள் அழுகிக் குழம்பாகியிருக்கும்.