மெடிக்கல் ஷாப் ‘கல்லு சிரப்’: லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

“கல்லுக்கு ஒரு சிரப் கொடுங்க” என்று சிறுநீரகக் கல்லுக்காக மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மூன்றில் ஒன்று. பொட்டாசியம் சிட்ரேட்டும் சிட்ரிக் ஆசிடும் கலந்தது, பொட்டாசியம் சிட்ரேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் கலந்தது, இல்லையென்றால் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். மூன்றிலும் ‘சிட்ரேட்’ என்ற சொல் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே எடைபோடுவது முதல் வகையை. 5 மி.லி.யில் பொட்டாசியம் சிட்ரேட் 1100 மி.கி., சிட்ரிக் ஆசிட் 334 மி.கி. என்று லேபிளில் அச்சிட்டிருக்கும்.

மூன்றாவதைக் கல்லுக்கு என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது நீர்க்கடுப்புக்கு நாலைந்து நாள் குடிக்கிற மருந்து. அதில் 5 மி.லி.க்குக் கால் கிராம் அளவு சோடியம் இருக்கிறது. தினம் 10 மி.லி. வீதம் மூன்று வேளை குடித்தால் ஒன்றரை கிராம் சோடியம், அதாவது கிட்டத்தட்ட 4 கிராம் சமையல் உப்பு கூடுதலாக உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். கல்லுக்காகக் குடிக்கிற மருந்தே அடுத்த கல்லுக்குச் சரக்கு சேர்க்கும்.

சரி, பொட்டாசியம் சிட்ரேட் கல்லைக் கரைக்குமா? யூரிக் ஆசிட் கல் என்றால் கரைக்கும், நன்றாகவே கரைக்கும். அந்தக் கல் உருவாவதே சிறுநீர் புளித்துக் கிடக்கும்போதுதான், அதாவது பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே இருக்கும்போது. அதை 6.5 பக்கம் கொண்டுபோய் வாரக்கணக்கில் நிறுத்தினால் கத்தியில்லாமல் கல் கரையும். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். அதை எந்த சிரப்பும் கரைக்காது. சிறுநீரில் சிட்ரேட் குறைவாக உள்ளவர்களுக்குப் புதுக் கல் சேராமல் தடுக்கும், அவ்வளவுதான். 5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். அந்த வாரம் சிரப் குடித்திருந்தால் சிரப்புக்குப் பேர், வாழைத்தண்டுச் சாறு குடித்திருந்தால் வாழைத்தண்டுக்குப் பேர்.

ஆக, இந்த சிரப்புக்கு மார்க் போட்டால், யூரிக் ஆசிட் கல்லுக்கு ஐந்தில் நாலரை. சிட்ரேட் குறைந்தவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்க நாலு. ‘எந்தக் கல்லென்று தெரியாது, சும்மா குடிக்கலாம்’ என்பவர்களுக்கு ஒன்று. கிருமித் தொற்றால் வளரும் கல் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே. அந்தக் கல் காரத்தன்மை கூடிய சிறுநீரில்தான் வளர்கிறது, சிரப் அதற்குத் தீனி.

எந்தக் கல் என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. கான்ட்ராஸ்ட் சாயம் ஏற்றாத சி.டி. கே.யு.பி.யில் (சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை எடுக்கும் சி.டி. ஸ்கேன்) கிட்டத்தட்ட எல்லாக் கல்லும் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் யூரிக் ஆசிட் கல் தெரியாது. சி.டி.யில் நல்ல அளவில் தெரிந்த கல் எக்ஸ்ரேயில் காணாமல் போனால் சந்தேகம் அந்தப் பக்கம் போக வேண்டும். அல்ட்ராசவுண்ட் முதல் பரிசோதனைக்குச் சரி. யூரேட்டரின், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின், நடுவில் சிக்கிய கல்லை அது தவறவிடும், அளவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். எல்லாவற்றையும்விட உறுதியானது கல்லையே பிடித்து லேபுக்கு அனுப்புவது. வலி வந்த நாள் முதல் சிறுநீரை டீ வடிகட்டியிலோ மெல்லிய துணியிலோ வடித்துப் பாருங்கள். எள்ளளவு பழுப்புத் துணுக்கு கிடைத்தாலும் கழுவி, காயவைத்து, சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். 5 மி.லி. என்பது 10 மில்லி ஈக்குவலன்ட் (பொட்டாசியம் போன்ற உப்புகளை அளக்கும் அலகு) பொட்டாசியம். பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது நாளைக்கு 30 முதல் 60 மில்லி ஈக்குவலன்ட் வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. 10 மி.லி. வீதம் இரண்டு வேளை என்றால் 200 மி.லி. பாட்டில் பத்து நாளில் காலி, மூன்று வேளை என்றால் ஒரு வாரம்கூட வராது. மாதக்கணக்கில் குடிக்க வேண்டிய மருந்து என்பதால் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். மூடியில் ஊற்றி அப்படியே வாயில் கவிழ்த்தால் வயிறு எரியும், பேதியும் ஆகலாம். ‘சிரப் ஒத்துக்கவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்து பார்க்கலாம்.

இதே மருந்து மெதுவாகக் கரையும் மாத்திரையாகவும் வருகிறது. உடைக்கவோ மெல்லவோ கூடாது. மருந்து கசிந்து போன பின் மெழுகுக் கூடு முழு மாத்திரை போலவே மலத்தில் வரும். பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே சேர்ந்துவிட்டது.

வேலை செய்கிறதா என்று பார்க்க பிஹெச் ஸ்ட்ரிப் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு சிறுநீர் பட்டதும் ஆரஞ்சு நிறம் காட்டினால் இன்னும் புளிப்பு, மஞ்சள் கலந்த பச்சை என்றால் வேண்டிய இடம், நீலம் பாய்ந்தால் கூடிவிட்டது. சரியான எண்ணுக்கு டப்பாவில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்கும். அளவைக் குறைக்க டாக்டரிடம் பேச வேண்டும்.

யார் தொடக்கூடாது? ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் கழிவு) கூடியவர்கள் தாங்களாக இதை வாங்கவே கூடாது. பிரஷருக்கு ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை எடுப்பவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பு இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகும். தொடங்கும் முன் ஒரு தடவை, தொடங்கிய பின் ஒரு தடவை ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்ப்பது கட்டாயம். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்காத வகையா என்று லேபிளில் பாருங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது இந்த பாட்டிலுக்கு வேலையே இல்லை. விலாவில் தொடங்கி அடிவயிறு, தொடையிடுக்கு வரை இறங்கும் வலி. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. கூடவே வாந்தி, சிவந்த சிறுநீர். அப்போது தேவை வலிக்கு ஊசி. மாறாக, அசையாமல் படுத்தால்தான் வலி தணிகிறது என்றால் குடல்வால் போன்ற வேறு காரணத்தையும் பார்க்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக இப்படி வலி வந்தால் கல் என்று முடிவுகட்டாமல் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். வலியோடு குளிர்க்காய்ச்சல், சிறுநீரே வராமல் போவது, ஒற்றைச் சிறுநீரகம், கர்ப்பம் — இதில் எது இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு. அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும்.

சிரப்போடு தண்ணீரும் போகவேண்டும். கணக்கு குடிப்பதில் இல்லை, வெளியேறும் சிறுநீரில்: நாளைக்கு இரண்டரை லிட்டர். சித்திரை வெயிலில் அதற்கு மூன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டிவரும். பால், தயிரை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டோடு போகும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. பாலக்கீரையைத்தான் குறைக்க வேண்டும்.

வலி நின்றதும் கல் போய்விட்டது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்கிற பிழை. அடைப்பு அப்படியே இருக்க, வலி மட்டும் அடங்கிப்போவது உண்டு. அந்தச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். கல் கையில் கிடைக்கவில்லை என்றால் நாலு வாரத்துக்குள் மறுபடி ஒரு ஸ்கேன் எடுங்கள், இரண்டாவது பாட்டில் வாங்குவது அதற்குப் பிறகு.