கத்தரிப் புழுவுக்கு மூன்று வழி: மருந்து, பொறி, பிடி விதை

மரபணு மாற்றிய கத்தரி வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுவோர் பலர், அதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை விட்டுவிடுகிறார்கள். சந்தைக்கு வரும் கத்தரியில் பெரும்பாலானது மருந்தடித்த காய். ஒப்பீட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழு, முட்டை பொரிந்த சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காயின் தொப்பிக்கு அடியிலோ நுழைந்து, ஓட்டையைத் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். அதன்பின் தெளிக்கும் மருந்து அதன் மேல் படுவதே இல்லை. அந்தச் சில மணி நேரத்தைப் பிடிக்கத்தான் வாரம் இரண்டு முறை தெளிக்கிறார்கள். பறிப்பும் சில நாளுக்கொருமுறை நடப்பதால், மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி காணாமல் போகிறது. பைரித்ராய்டு மருந்துகளைத் தொடர்ந்து அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் செத்து, வெள்ளை ஈயும் சிவப்புச் சிலந்தியும் பெருகும். மூன்றில் மோசமான வழி இதுதான்.

இரண்டாவது, ஒருங்கிணைந்த முறை. வாடித் தொங்கும் குருத்தைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே நறுக்கி, சொத்தைக் காயோடு சேர்த்து அழிக்க வேண்டும். வரப்பில் வீசினால் புழு மண்ணுக்குப் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுப்பது) வைக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளை 10 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும். பக்கத்து வயலில் இணைசேர்ந்த பெண் பறந்து வந்து முட்டையிடுவதை அது தடுக்காது. ஊரே சேர்ந்து வைத்தால்தான் பலன்; தனி ஆள் வைத்தால் ஏமாற்றம்தான். கூலியாள் கிடைக்காத பருவத்தில் குருத்து நறுக்குவது முதலில் நின்றுபோகும்.

மூன்றாவது, மரபணு மாற்றிய பிடி (Bt) கத்தரி; ‘பிடி’ என்பது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். இதில் கிரை1ஏசி என்ற பாக்டீரியப் புரதம் செடியிலேயே உருவாகிறது. புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டித் துளையிடும். மனித இரைப்பையோ அமிலத்தன்மையுள்ளது, அந்த ஏற்பிகளும் நமக்கில்லை. அதே பாக்டீரியாவை இயற்கை விவசாயத்திலும் தெளிக்கிறார்கள் என்பது ஆதரவாளர்களின் வாதம். பாதிதான் சரி: தெளித்தது வெயிலில் சில நாளில் சிதையும், இங்கோ பருவம் முழுக்கக் காய்க்குள்ளேயே இருக்கிறது. அதனால் நீண்டகாலத் தனிச் சோதனை கேட்பது நியாயமான கோரிக்கை. 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிடி கத்தரிக்குத் தடையை அறிவித்தபோது இதுவும், கத்தரியின் தாயகத்தில் நாட்டு ரகங்களோடு கலந்துவிடும் என்ற கவலையும் காரணங்களாயின. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பிடி ரகங்களும் அத்தோடு நின்றன.

வங்கதேசம் 2013-இல் நான்கு ரகங்களை அனுமதித்தது. அவை வீரிய ஒட்டு அல்ல. விதையை எடுத்து வைக்கலாம். அங்கே நடந்த கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்றில் விளைச்சல் 51 சதவீதம் கூடியது. ஆனால் அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, வாடல் நோய் எதற்கும் இந்தப் புரதம் உதவாது. ‘பிடி’ என்று நம்பி வயலைக் கவனிக்காமல் விட்டால் அங்கேதான் அடி விழும்.

பெரிய ஆபத்து, இந்தப் புரதத்தைத் தாங்கும் எதிர்ப்புத் திறன் புழுவுக்கு வந்துவிடுவது. குஜராத் பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இதே கிரை1ஏசியை வென்றுவிட்டது. அதனால் வயல் ஓரத்தில் சாதாரணக் கத்தரி வரிசை வைக்கச் சொல்கிறார்கள்: அதில் வளரும் அந்துப்பூச்சிகள், தாக்குப்பிடித்த பூச்சிகளோடு இணைந்து எதிர்ப்பை நீர்க்கச் செய்யும். அந்த வரிசைக் காயைப் புழு தின்னும் என்பதால் பல விவசாயிகள் அதைத் தவிர்ப்பார்கள். அந்த வரிசையிலிருந்து தவறி விதை எடுத்தாலோ, அடுத்த பருவம் அந்தச் செடிகளில் சொத்தைதான்.

புழுவுக்கு மட்டும் கணக்குப் போட்டால் பிடி முந்துகிறது. மீதிப் பூச்சிகளுக்கும், அந்த மரபணு நீடிக்கவும், இரண்டாவது வழியின் வேலைகள் அங்கேயும் தேவை. தடை நீடிக்கும் தமிழ்நாட்டில் இன்று சட்டப்படி கையில் இருப்பது முதல் இரண்டு வழிகள்தான். அதில் பொறியை ஊர்க்கூட்டமாக வாங்கி, ஒரே வாரத்தில் எல்லா வயலிலும் வையுங்கள்.