ஒகேனக்கல் குழாயா, ஆர்.ஓ. கேனா, போர் தண்ணீரா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் மூன்று தண்ணீர் புழங்குகிறது: தெருமுனை போர் தண்ணீர், காசு கொடுத்து வாங்கும் ஆர்.ஓ. கேன், ஒகேனக்கல்லில் இருந்து குழாயில் வரும் காவிரி. எதைக் குடிப்பது என்பதைப் பெரும்பாலும் நாக்குதான் தீர்மானிக்கிறது. சிக்கலே அங்கேதான். இந்த வட்டாரத்தின் முக்கிய எதிரியான புளோரைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது.

போர் தண்ணீரில் இருந்து ஆரம்பிப்போம். பாறையில் இருக்கும் புளோரைடு தாதுக்கள் நிலத்தடி நீரில் கரைகின்றன. தண்ணீர் பாறையோடு எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவு கரையும். எனவே ஆழமாகத் துளை போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று நம்ப முடியாது. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைகள் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை வரும். இன்னும் கூடிப்போய் நாள்பட்டால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். வந்த பிறகு திருப்ப முடியாது.

"நாங்க கொதிக்க வெச்சுதான் குடிக்கிறோம்" என்பார்கள். கிருமிக்கு அது சரி. புளோரைடு ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரும் இங்கே உதவாது. மொத்த உப்பு 400 என்று அழகாகக் காட்டும் தண்ணீரில் புளோரைடு 2 இருக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

ஆர்.ஓ. புளோரைடை நன்றாகவே குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு எந்திரத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகப் போகும். பிரித்தெடுத்த புளோரைடு முழுக்க அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதைக் கிணற்றடியில் விட்டால் சுற்றிச் சுற்றி நம்மிடமே வரும். அப்புறம், கேன் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு சோறும் குழம்பும் போர் தண்ணீரில் செய்தால் பாதி பயன் போய்விட்டது. அரிசி குடிப்பதும் அதே தண்ணீரைத்தானே.

படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தெளிய வைத்துப் புளோரைடைக் குறைக்கும் 'நல்கொண்டா முறை' நாக்பூரில் உள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி உருவாக்கியது. மலிவு. ஆனால் தண்ணீருக்குத் தண்ணீர் போட வேண்டிய அளவு மாறும், தினமும் கசடு அள்ள வேண்டும், படிகாரம் கூடினால் அலுமினியம் தங்கும். வீட்டுக்கு இது ஒத்துவராது என்பது என் எண்ணம்.

மிஞ்சுவது காவிரி. ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே புளோரைடு பாதிப்பைக் குறைப்பதுதான். ஆற்று நீரில் புளோரைடு குறைவு. கிருமி உண்டு; அதற்குத்தான் குளோரின். என் ஓட்டு இதற்கே, ஒரு நிபந்தனையோடு: மேல்நிலைத் தொட்டியில் வேறெதுவும் கலக்கக் கூடாது. காவிரி பற்றாத நாளில் உள்ளூர் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றுவது உண்டு. ஆற்று நீரில் 0.4, போரில் 3 என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி கலந்தால் 1.7, எல்லை தாண்டிவிட்டது. தொட்டியில் இன்று என்ன ஏற்றினீர்கள் என்று தொட்டி ஆபரேட்டரிடம் கேட்பது ஆயிரக்கணக்கில் செலவழித்து எந்திரம் வாங்குவதைவிட உருப்படியான வேலை.

குளோரினால் வரும் பவுடர் வாசனை பிடிக்காமல் குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, 'இனிப்பா இருக்கு' என்று போர் தண்ணீரைக் குடத்தில் பிடிப்பவர்களுக்கு: குழாய்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணி கட்டிச் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். வாசனை பெரும்பாலும் போய்விடும்.