"மமாஸ் லாஸ்ட் ஹக்" – சண்டைய ஆராய வந்து எம்பதில (அடுத்தவங்க கஷ்டத்த புரிஞ்சு உணர்றதுல) போய் நின்ன ஒருத்தரோட புக்

சைக்காலஜி புக்னா ஒண்ணு காலேஜ் பாடம் மாதிரி இருக்கும், இல்லேன்னா வாழ்க்கைல ஜெயிக்கறது எப்படின்னு கிளாஸ் எடுக்கும், ரெண்டுமே எனக்கு அம்பது பக்கத்துக்கு மேல ஓடாது. இது அந்த ரெண்டுலயும் சேராது. மிருகங்களோட உணர்ச்சிய பத்தி ஃபிரான்ஸ் டி வால் எழுதி 2019ல வந்த புக், பேப்பர்பேக் ஆன்லைன்ல வாங்கினேன், முந்நூறு பக்கத்துக்கு மேல இருக்கு, உள்ள அவரே எடுத்த போட்டோவும் அவரே வரைஞ்ச படமும் போட்டிருக்கார். அந்த படங்கள தனியா சொல்லியே ஆகணும், ஒரு சிம்பன்சி பல்ல காட்டுனா அது சிரிப்பா பயமான்னு எழுத்துல எவ்ளோ சொன்னாலும் புரியாது, கோட்டுப்படத்துல பாத்தா சட்டுன்னு பிடிபடுது.

டி வால் நெதர்லாந்துக்காரர், அமெரிக்கால எமரி யுனிவர்சிட்டில சைக்காலஜி ப்ரொஃபசரா இருந்தவர், 2024 மார்ச்ல இறந்துட்டார். 1977ல உட்ரெக்ட்ல பிஎச்டி முடிச்சார், டாபிக் என்னன்னா குரங்குங்களோட ஆக்ரோஷமும் அதுங்க கூட்டணி சேர்றதும். அப்பல்லாம் சண்டைனா பொதுவா நம்பிட்டு இருந்தது என்னன்னா, அடிச்சுக்கிட்ட ரெண்டும் ஒண்ண விட்டு ஒண்ணு விலகிடும், அவ்ளோதான். இவர் 1975லருந்து நெதர்லாந்துல ஆர்ன்ஹம் ஊர்ல பர்கர்ஸ் ஜூவுல பெரிய சிம்பன்சி கூட்டம் ஒண்ண உக்காந்து பாத்துட்டே இருந்தார், பாத்தா சண்டை முடிஞ்ச கொஞ்ச நேரத்துல அதே ரெண்டு பேரும் தேடி வந்து கைய நீட்டுது, வாயில முத்தம் குடுக்குது, ஒண்ணுக்கொண்ணு முடிய கோதி விடுது. அதுவும் போக, தோத்துப் போய் கத்திட்டு இருக்கறவன சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள் வந்து தோள்ல கை போட்டு தேத்துது. 1979ல இத கட்டுரையா போட்டாங்க. எம்பதி பத்தின இவரோட மொத்த வேலையும் அந்த மூணாவது ஆள்கிட்ட இருந்து தான் கிளம்புதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா அந்த ஆளுக்கு இந்த சண்டைல லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, எதுக்கு எந்திரிச்சு வரணும்?

புக்கோட பேருக்கு காரணமான மமா அந்த கூட்டத்தோட தலைவி. 2016ல 59 வயசாக ஒரு மாசம் இருக்கும்போது சாகக் கிடக்கு. டி வாலோட ப்ரொஃபசர் யான் வான் ஹூஃப், அவருக்கே 80 ஆக ரெண்டு மாசம் தான் பாக்கி, கூண்டுக்குள்ள போறார். வளந்த சிம்பன்சி கிட்ட மனுஷங்க அப்படி போறதே கிடையாது, அதோட பலத்துக்கு முன்னாடி நாம நிக்க முடியாது. அது கண்ண தொறந்து இவர அடையாளம் கண்டு வாய் நிறைய சிரிச்சு, கைய எடுத்து அவர் தலைமுடிய தடவி, கழுத்துக்கு பின்னாடி தட்டிக் குடுக்குது, அழுற குட்டிய சிம்பன்சிங்க சமாதானம் பண்ணும்போது தட்டுற அதே தட்டு. இந்த சந்திப்போட வீடியோவ நிறைய பேர் பாத்திருப்பீங்க, ஆனா தேத்துனது யாரு தேறுனது யாருன்னு இந்த புக்க படிச்சா தான் சரியா புரியும்.

குயிஃப் கதையும் அதே அளவுக்கு நல்லாருக்கும். குயிஃப் ஒரு பொண்ணு சிம்பன்சி, பால் பத்தாம குட்டிங்கள வரிசையா பறிகொடுத்தது. ரோஸியான்னு ஒரு குட்டிய வளக்க குடுத்து, பாட்டில்ல பால் குடுக்க டி வால் அதுக்கு கத்துக் குடுத்தார். குட்டிக்கு ஏப்பம் வரப்போகுதுன்னா பாட்டில எடுத்துடணும்னு யாரும் சொல்லித் தரல, அதுவா எடுத்துருச்சு. அப்புறம் தன் சொந்த குட்டிங்களயும் பாட்டில் பால்லயே வளத்து ஆளாக்கிருச்சு, டி வால் எப்ப ஜூவுக்கு வந்தாலும் அவர்கிட்ட ஒரு தனி பாசம்.

ஆனா இவர் மிருகங்கள புனிதமாக்கல, அதனால தான் இவர நான் நம்பறேன். 1980ல அதே கூட்டத்துல நிக்கி, யேருன்னு ரெண்டு ஆம்பள சிம்பன்சிங்க சேந்து ராத்திரில லூயிட்ங்கற இன்னொரு ஆம்பள சிம்பன்சிய கடிச்சு குதறிருச்சுங்க, விரல்லாம் போச்சு, ஆபரேஷன் பண்ணியும் பிழைக்கல. அந்த சாவு தன்ன எப்படி உலுக்குச்சுன்னு இவர் எழுதற இடத்துல எந்த அலங்காரமும் இல்ல. அடிதடி எவ்ளோ தூரம் போகும்னு கண்ணால பாத்தவர் தான் அது ஏன் பெரும்பாலான நாள்ல அங்க வரைக்கும் போறதில்லன்னு கேக்க முடியும்.

இந்த புக் பிடிச்சவங்க இவரோட வேற ஒரு ஆராய்ச்சியயும் தெரிஞ்சுக்கணும், 1993ல வந்தது. ரீசஸ் குரங்கு முரட்டு ஜாதி, சண்டை போட்டா சீக்கிரம் சமாதானம் ஆகாது, ஸ்டம்ப்டெயில் குரங்கு அதுக்கு நேரெதிர். ரீசஸ் குட்டிங்கள அஞ்சு மாசம் ஸ்டம்ப்டெயில்ங்களோட சேத்து வளத்தாங்க, ரீசஸ் குட்டிங்க சமாதானம் பேசறது பல மடங்கு ஏறிருச்சு, பிரிச்சு தனியா வச்ச பிறகும் அந்த பழக்கம் போகல. நான் ஸ்கூல்ல ஆறாவது ஏழாவது பசங்களோட வேலை பாக்கறேன், "அவன் பொறப்புலயே அப்படித்தான் சார்"னு ஒரு பையன பத்தி யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ரீசஸ் குட்டிங்க ஞாபகம் தான் வரும், குரங்குக்கே மாறுதுன்னா பதினோரு பன்னெண்டு வயசு பையன நாம ஏன் கை விடணும்?

குறைன்னா ரெண்டு. இது அவரோட வாழ்க்கை வரலாறு கிடையாது, அதனால ஆர்ன்ஹம்லருந்து எமரி யுனிவர்சிட்டி இருக்கற அட்லாண்டாவுக்கு தாவி திரும்ப நெதர்லாந்துக்கு வந்து நிக்கும், வருஷ வரிசை எதிர்பாத்தா தலை சுத்தும். புக்கோட கடைசி பகுதில மிருகங்களுக்கு உணர்ச்சி இருக்கா இல்லையான்னு மத்த விஞ்ஞானிங்களோட மல்லுக்கட்டறது கொஞ்சம் நீளம், முதல் மூணு சாப்டர் படிச்சவங்களுக்கு அந்த வாதமே தேவைப்படாது. நியாய உணர்வு பத்தின ஆறாவது சாப்டர மட்டும் விட்டுடாதீங்க, 2003ல சாரா ப்ராஸ்னன்ங்கற ஆராய்ச்சியாளர் கூட சேந்து பண்ண கப்புச்சின் குரங்கு சோதனை, பக்கத்து கூண்டுக்காரனுக்கு திராட்ச குடுத்துட்டு எனக்கு மட்டும் வெள்ளரிக்காயான்னு குரங்கு அத வேணாம்னு ஒதுக்கறது.

இங்கிலீஷ் ஈஸியா தான் இருக்கு, ப்ளஸ் டூ பசங்க தாராளமா படிக்கலாம். போன்ல படிக்கறத விட பேப்பர்ல வாங்குங்க, படங்களுக்காக. வீட்ல சின்ன பசங்களுக்கு மமா கதையும் குயிஃப் கதையும் வாசிச்சு காட்டலாம், லூயிட் வர்ற அஞ்சாவது சாப்டர மட்டும் அவங்க கொஞ்சம் வளந்த பிறகு குடுங்க.